அடுப்படியில் ஒன்பதாம் ஸ்தலம்

தீயைக் கூட்டக்கூடாது, அதுதான் முக்கியம் என்று மகள் அரசி சொன்னாள். மற்றதெல்லாம் முன்னப்பின்ன இருக்கலாமாம், வெங்காயம் கொஞ்சம் தடியாக விழுந்தாலும் பரவாயில்லை, வெண்ணெய் கூடக்குறைய ஆனாலும் பரவாயில்லை, தீ மட்டும் சிம்மிலேயே இருக்க வேண்டும், முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, அது வதங்குகிறவரைக்கும் பக்கத்தைவிட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் அடி பிடிக்கும், கரிந்தது கசக்கும், கசந்ததைத் தயிரில் போட்டு என்ன கலக்கினாலும் கசப்பு போகாது. நகரக்கூடாது என்றதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. மூன்று மணிக்கு முதல் தடவை சட்டியை வைத்தேன். வெண்ணெய் உருகினதும் இந்தக் கை இருக்கிறதே, என்னைக் கேட்காமல் அஞ்சறைப்பெட்டிக்குப் போய் அரைக் கரண்டி கடுகை அள்ளிப் போட்டுவிட்டது. கடுகு வெடித்த சத்தத்தில்தான் எனக்கே தெரிந்தது. அதற்குள் அடுத்த கை கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருசமாக இதே பழக்கம், சட்டி காய்ந்தால் கடுகு. சரி, கடுகோடு கிடக்கட்டும் என்று முக்கால் கிலோ பல்லாரி வெங்காயத்தையும் போட்டுக் கிண்டிக்கொண்டிருக்கும்போது பிரிட்டோ போன் பண்ணினான். ஹாலில் சார்ஜரில் கிடந்தது போன். மகன் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா, போனேன். "எம்மா, மீன் வாங்கிட்டியா? ஏழு மணிக்கு மாப்பிள்ளயக் கூட்டிட்டு வந்துருவேன். அவ துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டாளா?" என்றான். மீன் வாங்கிக் கழுவி வைத்தாயிற்று என்றேன். துணிமணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்தால் அடுப்படியெல்லாம் புகை, சட்டியில் கருப்பாகக் கரித்துண்டு, நடுவில் கடுகு பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறது.

இது இரண்டாவது சட்டி. வீட்டில் மிச்சம் இருந்தது அரைக் கிலோ பல்லாரி, அப்புறம் மீன் குழம்புக்கென்று காலையிலேயே உரித்து வைத்த சின்ன உள்ளி ஒரு கிண்ணம். கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதையும் நறுக்கிவிட்டால் குழம்புக்கு ஒரு உள்ளி கிடையாது. உள்ளி இல்லாமல் என்ன மீன் குழம்பு. குழம்பு இல்லாமல் மாப்பிள்ளைக்கு என்ன சாப்பாடு. குளிர்பெட்டியில் ஊளி மீன் துண்டு துண்டாகக் கிடக்கிறது, கிடக்கட்டும். நறுக்கினேன். ஒவ்வொன்றாக, மெல்லிசாக, கண்ணில் தண்ணீர் ஊற்ற ஊற்ற நறுக்கிப் பல்லாரியோடு சேர்த்துச் சட்டியில் போட்டுவிட்டேன். உப்பு ஒரு சிட்டிகை. கடுகு டப்பாவை மூடி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன், கை எட்டாத உயரத்தில். நேற்று சாயங்காலம் பிரிட்டோ முதலில் போன் பண்ணி, நாளைக்கு வெள்ளிக்கிழமை, தவக்காலம், கறி ஆகாது, மீன் எடுத்துக் குழம்பு வையி, உட்கார்ந்து பேசி சமாதானமா முடிச்சி அவளை அனுப்பிருவோம் என்று சொன்னபோது நான் சொன்னது ஒரே வார்த்தை. சரிய்யா. அவ்வளவுதான். அது வாயிலிருந்து விழுந்துவிட்டது, கை கடுகை அள்ளின மாதிரி.

அரசி உள் அறையில் படுத்திருக்கிறாள். விண்ணரசி என்று பேர் வைத்தோம், கூப்பிடுவது அரசி. வந்து எட்டு நாளாகிறது. முதல் மூன்று நாள் கஞ்சித்தண்ணி கூட இறங்கவில்லை. நாலாம் நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே, "எம்மா, வெங்காய டிப் சாப்பிடணும்போல இருக்கு" என்றாள். டிப்பா, அது என்னட்டி என்றேன். "முக்கித் திங்குறது. சிப்ஸ முக்கித் திங்கணும்." துவையலா? "துவையல் மாதிரிதான், ஆனா துவையல் இல்ல." அப்ப பச்சடி. "பச்சடியும் இல்லம்மா. ஐயோ." அந்த ஐயோவில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வெங்காயத்தை வதக்கித் தயிரில் போடுறதுக்குப் பேரு பச்சடிதானட்டி, நீ மதுரைக்குப் போயி வேற பேரு வச்சிட்டு வந்துட்டே என்றேன். "நீ செஞ்சு பாரு, அப்புறம் சொல்லு" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள் இல்லையா, ஹாஸ்டல் பிள்ளைகள் ஞாயிறு பூசை முடிந்து ஒரு சின்னக் கடைக்குப் போவார்களாம், நாலு பேர் ஒரே கிண்ணத்தில் முக்கித் தின்பார்களாம், அந்தக் கடைக்காரப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு இவள் கைப்பக்குவம் தெரிந்துகொண்டாளாம். சொல்லும்போது கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தயிரைத் துணியில் கட்டி விடிய விடியத் தொங்கவிடணும், தண்ணியெல்லாம் வடிஞ்சி வெண்ணெய் மாதிரி ஆகணும், பாலாடை ரெண்டு கரண்டி அடிச்சிச் சேர்க்கணும், மிளகு, ஒரு பல் பூண்டு, எலுமிச்சை நாலு சொட்டு. சீனி போடக்கூடாது, வெங்காயம் அதுவாவே இனிக்கும். நேற்று ராத்திரி தயிரைக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டுவிட்டுத்தான் படுத்தேன். அப்படியானால் சரிய்யா என்று சொன்ன அதே நாளில் தயிரையும் கட்டியிருக்கிறேன். எது நான் என்று எனக்கே தெரியவில்லை.

வெங்காயம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது, வியர்த்துவிட்டது, அவ்வளவுதான். கிண்டு. கிரில் கதவு ஆடுகிற சத்தம். "மதினி, ஓ மதினி!" ரெஜினாதான், பக்கத்துத் தெரு, எங்கள் அன்பியத்து ஜெபக்குழுத் தலைவி, வெள்ளை முக்காடு போட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பாள், பார்க்காமலே தெரியும். அகப்பையும் கையுமாக அடுப்படி வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன், ஒரு கண் சட்டியில். "என்ன மதினி, அஞ்சேகாலாச்சு, சிலுவப்பாதைக்குக் கெளம்பலியளா? ஏழாம் ஸ்தலம் நீங்கதான வாசிக்கணும்?" இன்னைக்கு வரலம்மா, வேற ஆளப் பாரு என்றேன். அவள் வாய் திறந்தது மூடவில்லை. நாற்பது வருசத்தில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்று கூட நான் விட்டதில்லை, அரசி பிறந்து பதினேழாம் நாள் கூடப் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் முட்டிபோட்டேன். "மேலுக்கு முடியலியோ?" மேலுக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அடுப்புல வெங்காயம் கெடக்கு. "வெங்காயமா?" என்றாள், நான் என்னவோ பேயைச் சொன்னது மாதிரி. அப்புறம் மூக்கை உறிஞ்சினாள், முகம் மாறியது, கண்ணைச் சிமிட்டினாள். "ஓ, மாப்பிள்ள வாராவளாமே. பிரிட்டோ சொன்னான். விருந்து பலமா? நல்லது மதினி, எப்படியோ பிள்ள போய்ச் சேர்ந்துட்டா நமக்கு நிம்மதி. பொம்பளப் பிள்ள வீட்டோட வந்து உக்காந்தா நாளைக்கு நம்ம பேரன் பேத்திக்கு யாரு சம்பந்தம் பேசுவா." நல்லவள்தான் ரெஜினா. எனக்குக் கண் ஆபரேசன் நடந்தபோது பதினைந்து நாள் சோறு கொண்டுவந்தவள். அடி பிடிக்குது, நான் போறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் செருப்புச் சத்தம் மெதுவாகத் தெருவில் இறங்கிப் போயிற்று. அடி பிடிக்கவில்லை. சும்மா சொன்னேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லவேண்டியதில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது சேர்க்காமல் விடவேண்டும்.

போய்ச் சேர்ந்துட்டா என்றாளே. செத்தவர்களைச் சொல்லுகிற மாதிரி. கிண்டு, கிண்டு. கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, ஓரத்தில் லேசாக மஞ்சள். இந்த எட்டு நாளில் நான் கண்டுபிடித்தது ஒன்று உண்டு, அதை பிரிட்டோவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அரசியை இடதுபக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டேன் என்கிறாள். முதலில் கோபம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் தலை பின்னிவிட்டுக்கொண்டே இடது காதோரம் மெதுவாக, அரசி, காப்பி வேணுமாட்டி என்று கேட்டேன். பதில் இல்லை. வலது பக்கம் வந்து அதே குரலில் கேட்டேன். "வேண்டாம்மா" என்றாள். சீப்பு என் கையில் அப்படியே நின்றது. காதுக்கு என்னட்டி? "குளிக்கும்போது தண்ணி போயிட்டு." எப்போ? "போன மாசம்." போன மாசம் போன தண்ணி இன்னுமா வரவில்லை என்று நான் கேட்கவில்லை. பின்னலைப் போட்டு முடித்தேன். ரிப்பன் கட்டினேன், முப்பத்திமூன்று வயசுப் பிள்ளைக்கு ரிப்பன், ஏன் கட்டினேன் என்று தெரியவில்லை, அவளும் கழற்றவில்லை.

மைக் கரகரக்கிறது. இரண்டு தெரு தள்ளித்தான் கோயில், ஒலிபெருக்கி இந்தப் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது, வீட்டுக்குள் உட்கார்ந்தே எல்லாம் கேட்கலாம். சேசு சிலுவை சுமந்து போன வழியில் பதினாலு ஸ்தலம், ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டி, ஒரு ஜெபம். முதலாம் ஸ்தலம். தீர்ப்பிடுகிறார்கள். என் முட்டி தானாக மடிந்தது, அகப்பையோடு அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டி போட்டு எழுந்தேன், எழும்பும்போது எலும்பு சொடக்கென்றது. இரண்டாம் ஸ்தலம். சட்டியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கிறது, அதற்கு ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டினால் அந்த நிறம் வெங்காயத்தில் ஏறுமாம், தெளித்தேன், ஸ்ஸென்று ஆவி முகத்தில் அடித்தது. மூன்றாம் ஸ்தலம், முதல் தடவை விழுகிறார். முதல் தடவை அரசி வந்தது கல்யாணமாகி ஏழாம் மாசம். மேல்கையில் நாலு விரல் தடம் நீலமாக. வாசலில் நின்று, சும்மா பார்க்கணும்போல இருந்துச்சு வந்தேன் என்றாள். இரண்டு நாள் வைத்திருந்தேன், முறுக்கு சுட்டுக் கொடுத்தேன், கோயிலிலிருந்து மந்திரித்த எண்ணெய் ஒரு குப்பி வாங்கி அவள் பையில் வைத்து, வலிக்கிற இடத்துல தடவிக்கோ, மாதா பார்த்துக்கிடுவா என்றேன். ஆண்டவரே, ஒரு குப்பி நிறைய எண்ணெய் கொடுத்தேனே. ஒரு அடிக்கு ஒரு குப்பி எதற்கு. இன்னும் விழும், தடவிக்கொள் என்று சொன்னதுதானே அது. சொல்லவில்லை, ஆனால் அதுதானே. நாலாம் ஸ்தலம் வந்துவிட்டது, தாயைச் சந்திக்கிறார். இந்த ஸ்தலத்தில் எனக்கு எப்போதும் அழுகை வரும், இன்னைக்கு வரவில்லை, வெங்காயத்திலேயே எல்லாம் போய்விட்டது போல. தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக அந்த அம்மா நிற்கிறாள், மகன் வருகிறான், பார்க்கிறாள். என்ன பேசினாள் என்று எங்கும் எழுதவில்லை. நாற்பது வருசமாக யோசித்துக்கொண்டே முட்டிபோட்டிருக்கிறேன், என்ன பேசியிருப்பாள். எதுவும் பேசாமல் இருந்திருக்கலாம், கத்தியிருக்கலாம், சேவகனைப் பிடித்துத் தள்ளியிருக்கலாம். ஒன்று மட்டும் சொல்லியிருக்கமாட்டாள். போயிட்டு வா என்று சொல்லியிருக்கமாட்டாள். நான் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில், ஜன்னலுக்குக் கீழே நின்று, போயிட்டு வாம்மா, பத்திரம் என்றேன். பஸ் திரும்புகிறவரைக்கும் கையாட்டினேன்.

போன் அடிக்கிறது. ஹாலில், அதே சார்ஜரில். பிரிட்டோவாகத்தான் இருக்கும். கால் திரும்பிவிட்டது, ஒரு காலடி எடுத்தும் வைத்துவிட்டேன். சட்டி பின்னால் கொதிக்கிற சத்தம் கேட்கிறது, மெதுவாக, யாரோ காதோடு பேசுவது மாதிரி. நில். அகப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடிக்கட்டும். ஒரு போனை எடுக்காததற்கு இப்படி ஒரு படபடப்பா, என்னவோ திருட்டு செய்தது மாதிரி. என் வாழ்நாளில் யார் கூப்பிட்டும் நான் போகாமல் இருந்தது கிடையாது. எங்கள் வீட்டுக்காரர் குளியலறையிலிருந்து சோப்பு என்பார், பாலை அடுப்பில் விட்டுவிட்டு ஓடுவேன், பால் பொங்கிவிடும், பொங்கினதற்கும் அவரே வந்து ஏசுவார். நின்றுவிட்டது. மறுபடியும் அடிக்கிறது. அடி. நான் வெங்காயம் கிண்டுகிறேன். மஞ்சள் போய்ப் பொன்னாகி, பொன் போய்ப் பழுப்பாகிக்கொண்டு வருகிறது, அவ்வளவும் போட்டேன், சட்டி தலைதட்டி நின்றது, இப்போது கால் சட்டி கூட இல்லை. மணமும் மாறிவிட்டது. முதலில் அடித்த காரவாடை இல்லை, ஏதோ பாகு காய்ச்சுகிற வீடு மாதிரி ஒரு இனிப்பு. சீனி போடாமலே.

ஏழாம் ஸ்தலம் என்று ரெஜினா வாசிக்கிறாள், எனக்குப் பதிலாக அவளே வாசிக்கிறாள், கண்ணாடி போடாமல் போயிருப்பாள், எழுத்துக்கூட்டித் தடுக்கித் தடுக்கி. நானாக இருந்தால் பார்க்காமலே சொல்வேன். இரண்டாம் தடவை விழுகிறார். இரண்டாம் தடவை அரசி வந்தது போன வருசம் ஆவணியில், உதடு வெடித்து. அப்போது பிரிட்டோ வந்து ஹாலில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னான், "எந்த வீட்லம்மா இல்ல? கோவத்துல ஒரு அறை விழும்தான். அப்பா உன்ன அடிக்கலியா? நீ இருந்தல்லா? அதான குடும்பம்." நான் அவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அடுப்படியில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. அவன் அப்பா என்னை அடித்த ஒரு நாள், அவனுக்கு ஆறு வயசிருக்கும், கதவிடுக்கில் நின்று பார்த்தான், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமில்லைய்யா, அம்மா விழுந்துட்டேன் என்றேன். பிள்ளை நம்பிவிட்டான் என்று நினைத்தேன். நம்பவில்லை. படித்துக்கொண்டான். நான் இருந்ததை, இருந்ததை மட்டும், பாடம் மாதிரி படித்து வைத்துக்கொண்டு, முப்பது வருசம் கழித்து வந்து தங்கச்சிக்கு ஒப்பிக்கிறான். அவிய நல்லவியதான், பிரிட்டோ அப்பா. குடி கிடையாது, பூசை தப்பமாட்டார். கை மட்டும். கை மட்டும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு ஆளைக் குழியில் வைத்துப் பூப்போட்டுவிட்டு வந்துவிட்டேன். என் மகன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்ல வேண்டும், தங்கச்சி கல்யாணத்துக்கு ஓடி ஓடி உழைத்தவன். ஆனால் அவன் அன்றைக்குச் சொன்னதுக்கு நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அதுதான் நான் சொன்ன பதில். மறுநாள் அரசியை அனுப்பினேன். பங்குச்சாமியைப் பார்த்து ஆசீர்வாதம் வாங்கித்தான் அனுப்பினேன், திருமணம் தேவதிரவிய அனுமானம், கடவுள் போட்ட முடிச்சு, உடைக்கக்கூடாது என்றார், நானும் அப்படித்தான் நம்பினேன், இப்பவும் நம்புகிறேன், ஆனால் உடைந்தது காதில்லையா சுவாமி. காதை உடைத்தவன் உடைக்கவில்லையா அதை.

எட்டாவதில் ஜெருசலேம் பெண்கள் அழுகிறார்கள், அது சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒன்பதாம் ஸ்தலம். மூன்றாம் தடவை விழுகிறார். முட்டி போட்டேன். எங்கள் கோயிலில் ஒன்பதாம் ஸ்தலத்துப் படம் வலதுபக்கச் சுவரில், மின்விசிறிக்குக் கீழே, சுதையில் செய்து வர்ணம் பூசினது. அதில் சேசு முகங்குப்புறக் கிடக்கிறார், ஒரு சேவகன் குனிந்து அவர் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்குகிறான். சின்னப்பிள்ளையில் எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். எல்லாரும் அடிக்கிறார்கள், இவன் ஒருத்தன்தான் தூக்கிவிடுகிறான், நல்லவன் என்று நினைத்து அவனுக்காகவும் ஒரு அருள்நிறை ஜெபம் சொல்வேன். இப்போது அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருக்கிறேன், அந்தக் கை கண்ணுக்கு முன்னால் வருகிறது, நகத்துக்குக் கூட வர்ணம் வைத்திருப்பார்கள். அவன் எதற்குத் தூக்குகிறான்? விழுந்த இடத்திலேயே கிடந்தால் மலைக்குப் போய்ச் சேர முடியாதே, அதற்குத்தான் தூக்குகிறான். தண்ணீர் கூடக் கொடுத்திருப்பான். தூசியைத் தட்டிவிட்டிருப்பான். முறுக்கு சுட்டுக் கொடுத்து எண்ணெய்க் குப்பி வைத்துப் பஸ் ஏற்றிவிட்டிருப்பான். அந்தக் கை என் கைதான் ஆண்டவரே. இரண்டு தடவை விழுந்து வந்த பிள்ளையை இரண்டு தடவையும் எழுப்பி நிறுத்தித் திருப்பி நடக்கவிட்டது நான்தான், அதைத் தாய்ப்பாசம் என்று நினைத்துக்கொண்டு. மைக்கில் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டார்கள், எல்லாரும் நகர்ந்து போகிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம். பத்தாம் ஸ்தலம் என்கிறார் சாமியார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அதற்கு முட்டி மடக்கவில்லை. நான் வரல. சத்தமாகவே சொன்னேன், சட்டிக்கு முன்னால் நின்று. நான் பத்தாவதுக்கு வரல ஆண்டவரே, ஒன்பதோட நின்னுக்கிடுதேன், மிச்சத்த நீங்க பாத்துக்கிடுங்க, உமக்குக் கோவம்னா கோவப்படும், எனக்கு நரகம்னா அதையும் பாத்துக்கிடுதேன். இந்தப் பிள்ள விழுந்த இடம் என் வீடு. இங்கேயே கெடக்கட்டும். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். கூரை விழவில்லை. பதினொன்று, பன்னிரண்டு, அவர்கள் பாட்டுக்கு ஆணி அடிக்கிறார்கள். நான் அகப்பையால் சுரண்டிச் சுரண்டி அடியில் ஒட்டினதை எல்லாம் எடுத்தேன். நல்ல காப்பி நிறம். ஒரு நூல் கூடக் கரியவில்லை. ஒரு நுனி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். இனிக்கிறது. அரசி சொன்னது சரிதான்.

தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வைத்தேன், சூட்டோடு தயிரில் போட்டால் திரிந்துவிடும். துணியை அவிழ்த்தால் தயிர் கல் மாதிரி ஒரு உருண்டை. பாலாடையை அடித்துச் சேர்த்தேன், மிளகைத் தட்டினேன், பூண்டை உப்போடு வைத்து நசுக்கினேன், எலுமிச்சையில் நாலு சொட்டுக்குப் பதில் ஆறு விழுந்துவிட்டது. வெங்காயம் கை பொறுக்கிற மாதிரி வந்ததும் கொட்டிக் கலக்கினேன். இது துவையல் இல்லை, பச்சடியும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கிண்ணத்தில் வழித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே பைக் நிற்கிற சத்தம். இரண்டு பைக். ஏழுகூட ஆகவில்லை. கிண்ணத்தை ஒரு கையிலும் சிப்ஸ் பொட்டலத்தை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அங்கே அரசி நிற்கிறாள். தலை வாரி, புதுச் சேலை கட்டி, செருப்புக்கூடப் போட்டுக்கொண்டு, தோளில் பையோடு. எனக்கு ஒரு நிமிசம் ஒன்றும் புரியவில்லை. எங்கட்டி கெளம்பிட்டே? "அவிய வந்துட்டாவல்லாம்மா." வந்தா? "நேத்து அண்ணன்ட்ட நீ சரிய்யான்னு சொன்னது கேட்டுச்சி" என்றாள், ஒரு குறையும் இல்லாத குரலில், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்கிற மாதிரி. "மத்தியானமே எடுத்து வச்சிட்டேன். நீ அலைய வேண்டாம்னு." கிண்ணத்தை மேசையில் வைத்தேன். பையின் வாரைப் பிடித்தேன். அவள் விடவில்லை, நான் எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்தாள் போல, "கனமில்லம்மா, நானே தூக்கிக்கிடுதேன்" என்றாள். இழுத்தேன். நானா இழுத்தேன், அவ்வளவு பலமாக, அவள் ஒரு அடி முன்னால் வந்துவிட்டாள். பையை வாங்கி ஜிப்பைத் திறந்து ஹால் கட்டிலில் தலைகீழாகக் கொட்டினேன். சேலை, பாவாடை, துண்டு, பல்பொடி, மாத்திரை அட்டை, எல்லாம். வெறும் பையை உதறினேன். அவள் வலதுபக்கமாகப் போய் நின்று சொன்னேன், உக்காரு, நீ கேட்டது செஞ்சிருக்கேன், சிப்ஸ முக்கித் தின்னு, நான் வாசல்ல பேசிட்டு வாரேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றினாள்.

"எம்மா, எவ்வளவு நேரமா போன் அடிக்கேன், எடுக்கமாட்டியா?" பிரிட்டோ கிரில்லுக்கு வெளியே. அவனுக்குப் பின்னால் மாப்பிள்ளை கிளமெண்ட், வெள்ளைச் சட்டை, கையில் ஆப்பிள் பை, "அத்தை, நல்லாருக்கியளா" என்று தலையைக் குனிந்துகொண்டே கேட்டான். நல்லாருக்கேன் என்றேன். கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், உள்பக்கமாக. கைக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. அரசி வரமாட்டா என்றேன். "என்னது?" என்றான் பிரிட்டோ. அவ வரமாட்டா, எய்யா. நான் அனுப்பல. "நேத்து சரின்னு சொன்னியே!" சொன்னேன், தப்பு. அவ காது போயிட்டு, இடது காது, உனக்குத் தெரியுமா? பிரிட்டோ கிளமெண்டைத் திரும்பிப் பார்த்தான். கிளமெண்ட் ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "அத்தை, அது சும்மா கோவத்துல..." என்று ஆரம்பித்தான். உங்களோட எனக்குப் பேச்சில்ல, நீங்க போங்க என்றேன். என் குரல் உயரவில்லை, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிரிட்டோ முகம் சிவந்துவிட்டது, சின்னதிலிருந்து அவனுக்குக் காது மடல்தான் முதலில் சிவக்கும். "ஊரே பாக்குதும்மா. கோயில்லேர்ந்து ஆளெல்லாம் வர்ற நேரம். நான் இதுக்கப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன், தெரிஞ்சுக்கோ." அது உண்மையாகவே நடந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நீ வா எய்யா, என்றேன், நீ எப்ப வேணும்னாலும் வா, தனியா வா. தெருமுனையில் வெள்ளை முக்காடுகள் வர ஆரம்பித்துவிட்டன, ரெஜினா முன்னால். நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உள்ளே சிப்ஸ் ஒடிகிற சத்தம் கேட்டது, ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, பிறகு விடாமல். பிரிட்டோ கிரில்லைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினான். அது அசையவில்லை. குனிந்து பூட்டைப் பார்த்தான், வெங்காயத்தை ஆறவைத்த கையோடு நான் போட்டது, ராத்திரி படுக்கும் நேரம் தவிர அந்தப் பூட்டு தொங்கி அவன் பார்த்ததே இல்லை. "சாவி எங்கம்மா?" என்றான்.

எங்கிட்டதான் இருக்கு என்றேன்.